பதினோரு விநாடிப் பச்சை

முதியோர் வாழ்வதற்கு எங்கள் நகரத்தைவிட உகந்த நகரம் இந்தப் பூமியில் இல்லை. இதை நான் சொல்லவில்லை, அப்பா சொல்கிறார். அப்பா சொன்னால் மாநகராட்சியே சொன்ன மாதிரி. அங்கே சிக்னல் பிரிவின் தலைமைப் பொறியாளர் அவர்தான். அவர் காட்டும் ஆதாரமும் அசைக்க முடியாதது. எங்கள் தெருக்களில் எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் வயதானவர் ஒருவர்கூடக் கண்ணில் பட மாட்டார். "வெளிய வந்து குறை சொல்ல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். எல்லாரும் வீட்டுக்குள்ள நிம்மதியா இருக்காங்க" என்பார்.

'முதியோர் நேய நகரம்' என்றொரு பட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமென்று மேலிடத்துக்குத் திடீரென்று தோன்றியதில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டார். பொது இடங்களில் அமர இருக்கைகள் உள்ளனவா? ஆம். நாற்பத்து மூன்று உள்ளன. மாநகராட்சிக் கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தெருவில் போட்டிருந்தபோது ஆட்கள் அவற்றில் உட்கார ஆரம்பித்துவிட்டதால் எடுக்க வேண்டியதாயிற்று. பேருந்து நிறுத்தங்களில் எழுத்துகள் பெரிதாக உள்ளனவா? ஆம். சோப்பு விளம்பரத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் அடி உயரம். பொதுக் கழிப்பறைகள் சுத்தமாக உள்ளனவா? ஆம். திறந்ததே இல்லை. முதியோரின் கருத்துகள் கேட்டறியப்படுகின்றனவா?

இந்தக் கேள்வி வந்தபோது அப்பாவின் கைப்பேசி மூன்றாவது தடவையாக அடித்தது. அத்தை. அப்பா அதைத் துண்டித்துவிட்டு 'ஆம்' போட்டார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எழுபத்தொரு வயது. தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர். அங்கே ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம் கணக்கு. ஓய்வு பெற்ற பிறகும் யார் பேசினாலும் அவ்வளவுதான் கேட்பார். அதற்குமேல் போனால் "டயம் முடிஞ்சது" என்று எழுந்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், முதல் மாடியில் தனியாகக் குடியிருக்கிறார். நூலகம், மருந்துக்கடை, காய்கறிக்கடை, மருத்துவர் எல்லாம் இந்தப் பக்கம். அத்தை ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம். நடுவே ஆறு வரிசை வாகனம்.

அப்பாவின் பெருமைக்கு ஒரே ஒரு களங்கம் இருந்தது. அது எங்கள் வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். சாலைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டெதிர் சிக்னலில், நடப்பவர்களுக்கான பச்சை பதினோரு விநாடி எரியும். சிவப்பு தொண்ணூற்று நான்கு விநாடி. அத்தைக்கு அந்தப் பச்சை நடுத்திட்டு வரைக்கும்தான் போதும். ஆகவே அவர் சாலையை இரண்டு தவணையில் தாண்டினார். முதல் பச்சையில் நடுத்திட்டு. அங்கே பையிலிருந்து மடக்கு முக்காலியை எடுத்து விரித்து உட்காருவார். கித்தான் துணி தைத்த, கைக்கு அடக்கமான முக்காலி. செய்தித்தாளைப் பிரித்துக் குறுக்கெழுத்துப் போடுவார். அடுத்த பச்சை வந்ததும் எழுந்து போவார். ஒரு கட்டம் பாக்கியிருந்தால் அந்தப் பச்சையையும் விட்டுவிடுவார்.

இந்த முறை பரவியது. முதலில் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் வந்தார். எந்தக் கோடு கோணலாக இருந்தாலும் தாங்க மாட்டார் என்பதால் ஊருக்கே அவர் ஸ்கேல் சார். சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளைத் தினமும் திட்டுவதற்கு அவருக்கு உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. பிறகு ஒரு தையல்காரர். பிறகு வீட்டில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத ஒரு கணவனும் மனைவியும். தனித்தனியாகக் கிளம்பி வந்து பக்கத்துப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு 'இடைவேளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அவரை எங்க பாத்தீங்க?" "இடைவேளையில."

அப்பா அவர்களுக்கு வைத்த பெயர் முக்காலிக் கட்சி.

"ரோட்டத் தாண்டணும்னா தாண்டணும்" என்பார் காலைச் சாப்பாட்டின்போது. "பாதியில உக்காந்து குறுக்கெழுத்துப் போட்டா அதுக்குப் பேரு தாண்டுறதா? நாளைக்கு பாயும் தலகாணியும் கொண்டுவருவாங்க."

"கொண்டுவரட்டுமே" என்பார் அம்மா. "தொண்ணூத்தி நாலு செகண்ட் செகப்பு எரியுது. ஒரு குட்டித் தூக்கம் போட்டுறலாம்."

"ஒரு சராசரி மனுஷனுக்கு பதினோரு செகண்ட். நான் வாய்க்கு வந்தத சொல்லல. அளந்து வச்சது. ஃபைல் இருக்கு."

அம்மாவும் முன்பு அதே அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். ஃபைல் என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குக் கொட்டாவி வரும்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. எல்லாச் சிக்னலையும் விட்டுவிட்டு எங்கள் வீட்டெதிர் சிக்னலைத்தான் பார்க்கப் போகிறாராம். அன்று மாலையே அப்பா என்னை இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். ஜீப்பில். நூறு அடி தூரத்திலிருக்கும் எதிர்வீட்டுக்குப் போக, இரண்டு கிலோமீட்டர் தள்ளித் திரும்பி வந்தோம். அத்தையின் மாடிப்படியில் பாதியில் நின்று அப்பா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மேலே கதவைத் திறந்து நின்ற அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் பார்வை அப்பாவின் காதில் இல்லை, கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருந்த கையில் இருந்தது.

"அக்கா, ஆய்வுக்கு ஆள் வராங்க. அன்னைக்கு நீ நடுரோட்டுல உக்காந்திருந்தா என் மானம் என்ன ஆகும்?"

"உன் மானத்துக்கும் கால் வலிக்கும்டா. ஒரு முக்காலி போட்டுக் குடு."

"விளையாடாத. எங்க வீட்டுக்கே வந்துரு. எதுக்கு உனக்குத் தனி வீடு? ரூமுக்கு பெயின்ட்கூட அடிச்சாச்சு. ரோட்டத் தாண்டுற வேலையே கெடையாது."

அந்த அறை அதுவரை என்னுடையது. என்னை வெளியேற்றிய செய்தி எனக்குச் சுவரிலிருந்த ஈரப் பெயின்ட் மூலமாகத்தான் வந்தது.

"ஓ! ரோட்ட மாத்த முடியல, அதனால ஆள மாத்துற" என்றார் அத்தை.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லத நான் பாத்துக்கறேன். இங்க நான் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன், ரேடியோ வைப்பேன், பாட்டு புடிக்கலேன்னா அதத் திட்டுவேன். உன் வீட்டுல நான் எந்திரிச்சு தண்ணி குடிச்சாலே நாலு பேரு 'என்ன ஆச்சு'ன்னு ஓடி வருவீங்க. இந்தா பாரு." இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார். "இது இங்க இருக்குற வரைக்கும்தான் நான் ஆளு. உன் கைக்கு வந்துட்டா, நான் உங்க வீட்டு ரூம்ல இருக்குற ஒரு சாமான்."

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "சரி, ஒண்ணு பண்ணு. ஆய்வு அன்னைக்கு, முக்காலி இல்லாம, ஒரே பச்சையில ரோட்டத் தாண்டிக் காட்டு. தாண்டிட்டா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். தாண்டலேன்னா சாவியக் குடுத்துட்டு வந்துரணும்."

"அத்தை, வேணாம்" என்றேன். அறையைத் திரும்பப் பெறும் சுயநலம் அதில் பாதிதான்.

அத்தை தம்பியின் காலை ஒருமுறை பார்த்தார். "ஊரு விட்டு ஊரு பேசுறவனுக்கே நான் மூணு நிமிஷம் குடுத்தேன். நீ ரோட்டத் தாண்ட பதினோரு செகண்ட் குடுக்குற. பரவால்ல, ஒத்துக்கறேன். ஆனா நீயும் என்கூட நடக்கணும். கை புடிக்க வேணாம். பக்கத்துல வந்தா போதும்."

"அவ்ளோதானே!"

"அவ்ளோதான். டயம் முடிஞ்சது, கெளம்பு."

ஆய்வு நாள். காலை பத்து மணி. நடுத்திட்டில் உட்காரக் கூடாதென்று அப்பா ஒரு சுற்றறிக்கை விட்டு, முக்காலிகள் இருந்த இடத்தில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டார். முக்காலிக் கட்சி இரண்டு பக்க நடைபாதையிலும் பிரிந்து நின்றது. ஸ்கேல் சார் மட்டும் சுற்றறிக்கையைக் கவனமாகப் படித்துவிட்டு நடுத்திட்டுக்கே வந்து நின்றார். அதில் உட்காரக் கூடாது என்றுதான் இருந்ததாம், நிற்கக் கூடாதென்று இல்லையாம். முக்காலியை மடக்கி அக்குளில் வைத்திருந்தார்.

ஆய்வு அதிகாரி முப்பது வயதுப் பெண். காலில் ஓட்டப்பந்தயக் காலணி, கழுத்தில் தொங்கும் நிறுத்துக் கடிகாரம். அப்பா அவரை எங்கள் பக்க நடைபாதையில் வரவேற்றார்.

"மேடம், எங்க நகரத்துல முதியோர் பிரச்சனையே கெடையாது."

"வர்ற வழியில முதியோரே கண்ல படலையே சார்."

"அதத்தான் மேடம் நானும் சொல்றேன்."

அத்தை காலையிலேயே இரண்டு தவணையில் இந்தப் பக்கம் வந்து எங்கள் வீட்டில் காத்திருந்தார். இப்போது இறங்கி வந்தார். கைப்பையை அம்மாவிடம் கொடுத்தார். வெறுங்கையோடு போய் அப்பாவின் பக்கத்தில் நின்றார். இடுப்பில் சாவி இருந்தது.

"இவங்க என் அக்கா" என்றார் அப்பா. "எழுபத்தொண்ணு. இப்ப நாங்க ரெண்டு பேரும் நடந்து காட்டுறோம். நீங்க நேரத்தக் குறிச்சுக்கலாம்."

பச்சை விழுந்தது. சிக்னலில் இருக்கும் பச்சை மனிதன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். சிக்னல் வைத்த இருபத்தெட்டு வருடத்தில் அவனுக்கு முட்டி வலி வந்ததில்லை.

அப்பா கிளம்பிய வேகத்தைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, கையை வீசி, நான்கு விநாடியில் அத்தையை நன்றாகப் பின்னால் விட்டுவிட்டார். அத்தை அவசரப்படவில்லை. வழக்கமான நடை. ஏழாவது விநாடியில் அப்பா நடுத்திட்டின் விளிம்பில் கால் வைத்தார். வைத்த கால் அங்கேயே நின்றுவிட்டது. மற்றக் கால் போக முயன்று திரும்பி வந்தது. அவர் சிக்னல் கம்பத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பச்சை மனிதன் சிமிட்டினான். பன்னிரண்டாவது விநாடி சிவப்பு. அத்தை வந்து சேர்ந்தார். ஆறு வரிசை வாகனங்களும் ஒன்றாக உறுமிக்கொண்டு இருபுறமும் பாய்ந்தன.

ஸ்கேல் சார் முக்காலியை விரித்து வைத்தார். "உக்காருங்க சார். இடைவேளை."

"நான் நின்னுக்கறேன்" என்றார் அப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் வேறு ஏதோ மொழி மாதிரி இருந்தது.

"எத்தன நாளா முட்டி இப்படி இருக்கு?" என்று கேட்டார் அத்தை.

"முட்டி நல்லாத்தான் இருக்கு. ஷூ சரியில்ல."

"அன்னைக்கு மாடிப்படியிலயும் ஷூதானா?"

தொண்ணூற்று நான்கு விநாடி எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஒற்றைக் காலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் நகரத்தில் அந்த அனுபவத்தைப் பெற்ற முதல் தலைமைப் பொறியாளர் அப்பாதான்.

அடுத்த பச்சையில் அதிகாரியும் அம்மாவும் நானும், ஆய்வுக்காக ஆவண அறை எழுத்தர் கொண்டுவந்திருந்த ஃபைலும் நடுத்திட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதிகாரி பூந்தொட்டியின் விளிம்பில் ஃபைலை வைத்துப் பிரித்தார்.

"சார், பதினோரு செகண்ட் எப்படி வந்துச்சு?"

"அளந்தது மேடம். சராசரி மனுஷன வச்சு."

அதிகாரி படித்தார். "'அளவிட்ட முறை: நேரில் நடந்து. நடந்தவர்: உதவிப் பொறியாளர், வயது இருபத்தொன்பது. நடை: இயல்பு.' கீழ உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா."

"அப்ப சராசரி மனுஷன் நீங்கதானா?"

"அன்னைக்கு வேற யாரும் கெடைக்கல மேடம்."

"ஒரே ஒரு தடவதான் அளந்திருக்கீங்க. நேரம், சாயந்திரம் அஞ்சு இருபத்தெட்டு."

அதுவரை அத்தையின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த அம்மா திடீரென்று சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு.

"அஞ்சு இருபத்தெட்டா? எங்க ஆபீஸ் பஸ் சரியா அஞ்சரைக்குக் கெளம்பும் மேடம். அதோ, அந்தப் பக்கத்துலேருந்து. இவரு தெனமும் இந்தப் பக்கத்துலேருந்து ஓடி வருவாரு."

"நடந்து வருவேன்" என்றார் அப்பா.

"ஓடினீங்க! ஃபைல கக்கத்துல இடுக்கிட்டு, கையில கடிகாரத்த வச்சுக்கிட்டு. ஒரு நாள் ஒத்தச் செருப்பு நடுரோட்டுலயே நின்னுபோச்சு. ஜன்னலோரமா உக்காந்து நான் பாக்கலையா?"

அதிகாரிக்கு ஆர்வம் வந்துவிட்டது. "எதுக்கு சார் அவ்ளோ ஓட்டம்? அடுத்த பஸ்ல போயிருக்கலாமே?"

அப்பா வாகனங்களை எண்ணுவதுபோல் சாலையைப் பார்த்தார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"அடுத்த பஸ்ல நான் இருக்க மாட்டேனே மேடம்."

ஆக விஷயம் தெளிவாகிவிட்டது. இந்த நகரத்தின் முதியவர்கள் அத்தனை பேரும், ஊன்றுகோலோடும் மருந்துப் பையோடும், இருபத்தெட்டு வருடமாக என் அம்மா இருக்கும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவைத் தவிர ஒருவரும் பிடிக்கவில்லை.

அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அப்பாவின் முன்னால் நீட்டினார்.

"தாண்டல. பந்தயம் பந்தயம்தான். இந்தா."

அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாராவது கேலி இல்லாமல் பேசினால், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அப்பா சாவியைப் பார்த்தார். அது சாதாரணப் பித்தளைச் சாவி, தலையில் பழைய தொலைபேசிக் கம்பியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அவர் கம்பத்திலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு அந்தக் கையைத் திரும்பவும் கம்பத்திலேயே வைத்துக்கொண்டார்.

"உள்ள வை" என்றார். "ஆய்வு நடக்கும்போது நான் யார்கிட்டேருந்தும் எதையும் கைநீட்டி வாங்கக் கூடாது. லஞ்சம்னு எழுதிடுவாங்க."

"ஆய்வு முடிஞ்ச பிறகு?"

"முடிஞ்ச பிறகு வாங்கினா மட்டும் என்ன? அதுவும் லஞ்சம்தான்."

அத்தை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "பச்சை வருது, கெளம்பலாமா?" என்றார். அவர்கள் இருவரும் மீதிச் சாலையை ஒரே வேகத்தில் தாண்டினார்கள். வேகத்தைத் தீர்மானித்தது அத்தை இல்லை.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. எங்கள் நகரத்துக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அறிக்கையில் இருபத்தொரு குறைகள் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பாராட்டு இருந்தது: 'சாலை நடுவே முதியோர் அமர்ந்து இளைப்பாறும் ஏற்பாடு, பிற நகரங்களுக்கு முன்மாதிரி.' மாநகராட்சி குறைகளைக் கிடங்கிலும், பாராட்டைக் கண்ணாடிச் சட்டத்திலும் வைத்தது. விழா மேடையில் பட்டத்தைப் பெற்றுக்கொண்டவர் அப்பா. பச்சையை இருபத்தாறு விநாடியாக்க வேண்டும் என்று அவரே ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். அது ஏழு கையெழுத்துகளைக் கடந்து பதின்மூன்று விநாடியாகத் திரும்பி வந்தது. கூடுதலாகக் கிடைத்த இரண்டு விநாடியில் என்ன செய்யலாம் என்று முக்காலிக் கட்சி கூடி ஆலோசித்தது. ஒரு தடவை தும்மலாம் என்றார் ஸ்கேல் சார்.

அப்பா இரண்டாம் தடவையும் குறிப்பு எழுதியிருக்கிறார். இந்த முறை நேரில் நடந்து அளந்தவர் என்ற இடத்தில் அத்தையின் வயது இருக்கிறது. அது இப்போது மூன்றாவது கையெழுத்தில் நிற்கிறது. என் அறை எனக்கே திரும்பி வந்துவிட்டது, சுவர் மட்டும் முதியோருக்கு உகந்த இளம்பச்சை.

போன வாரத்திலிருந்து அப்பா ஜீப் வேண்டாமென்று சொல்லிவிட்டார். மருத்துவர் நடக்கச் சொன்னாராம். காலை ஒன்பதரைக்கு ஒரு நீளமான துணிப்பையோடு கிளம்புகிறார். பையில் என்ன என்று அம்மா கேட்டதற்கு, "அளவெடுக்கற கருவி" என்றார். அம்மா பையை வெளியிலிருந்து ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்கவில்லை.

நேற்று நான் கல்லூரிக்குப் போகும் பேருந்து எங்கள் வீட்டெதிர் சிக்னலில் நின்றது. ஜன்னலுக்கு நேராக இடைவேளை. ஸ்கேல் சார் கோடுகளைத் திட்டிக்கொண்டிருந்தார். அத்தை குறுக்கெழுத்தில் குனிந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் முகம் முழுக்க மறையும்படி செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். தாளுக்குக் கீழே பளபளக்கும் அலுவலகக் காலணி, முட்டியில் பட்டை சுற்றிய ஒரு கால், கித்தான் துணி தைத்த புத்தம்புது முக்காலி.

பச்சை விழுந்தது. தாள் அசையவில்லை. அத்தை பேனாவால் அந்தத் தாளைத் தட்டி ஏதோ கேட்டார். தாளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்திருக்க வேண்டும், அத்தை கட்டத்தை நிரப்பினார்.

தாள் இறங்குவதற்குள் நான் ஜன்னலை மூடிவிட்டு எதிர்ப்பக்கம் பார்க்க ஆரம்பித்தேன்.